செவலையின் வாயில் கிடந்த இரும்பு

லொறியின் பின்பலகையைச் சாய்த்து அந்தக் குதிரையை எங்கள் ஒழுங்கைக்குள் இறக்கியபோது எனக்கு முதலில் கேட்டது குளம்புச் சத்தமல்ல, இரும்பு மெல்லும் சத்தம். யாரோ சாவிக்கொத்தை வாய்க்குள் போட்டு அரைப்பதுபோல ஒரு கறகறப்பு. நான் குசினி ஜன்னல் சீலையை விரலகலம் விலக்கிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு பெண்குதிரை. கடைவாயில் நுரை. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மூத்த மகளின் புருசன், அதாவது என் மருமகன், நின்றார். இரண்டாம் கலியாணம் முடித்துக்கொண்டு முதல் வீட்டுக்கு வந்து நிற்கிற ஆம்பிளை மாதிரி பாதி பெருமை, பாதி பயம்.

கேற்றடியில் என் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இதென்ன?"

"குதிர."

"அது எனக்குத் தெரியிது. எங்கட வளவுக்குள்ள என்னத்துக்கு?"

"மறுகா சொல்றன் புள்ள. முதல்ல தண்ணி கொண்டா."

கல்முனைக்குடியில் ஆடு வளர்ப்பவர் உண்டு, மாடு வளர்ப்பவர் உண்டு. குதிரை வளர்க்கிறவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவர் கத்தாரில் பல வருசம் ஒரு பெரிய மனிதரின் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். மற்றவர்கள் அங்கிருந்து தங்கமும் கம்பளியும் கொண்டு வந்தார்கள். இவர் குதிரைப் பைத்தியத்தைக் கொண்டு வந்தார். ஓட்டப் பந்தயத்துக்குக் கிழடாகிவிட்டது என்று நுவரெலியாப் பக்கம் யாரோ கழித்துவிட்டதை வாங்கி, கலியாண ஊர்வலத்துக்கும் பின்னேரங்களில் கடற்கரைச் சவாரிக்கும் விடலாம் என்பது அவர் கணக்கு. இனிக் கடல் தாண்டாமல் பெண்சாதி பிள்ளையோடு இருக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடியில் கிடந்த ஆசை. மகள் அப்போது வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு இருந்தாள். முதல் பிள்ளை பிறந்தபோது அவர் கத்தாரில். பிள்ளை அழுகிற சத்தத்தை டெலிபோனில்தான் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு மகளுக்கென்று போய்விடும். தாய் தகப்பன் பின்வளவில் குசினியோடு சேர்த்து ஒரு அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒரே கிணறு, ஒரே அடுப்பு. ஆனால் என் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் போவதில்லை, முகத்துக்கு நேரே கதைப்பதுமில்லை. ஓதிக் கொடுத்த சட்டம் ஒன்றும் இல்லை, வெட்கமும் மரியாதையும் சேர்ந்த ஒரு பழக்கம். ஒழுங்கையில் என் வாய்க்குப் பயந்து சுற்றிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட எனக்கு இந்த ஒரு மனிதர் முன்னால் மட்டும் வாய்க்கட்டு. அல்லாஹ் எனக்கு வைத்த பெரிய சோதனை அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் கதைக்காமல் இருந்தோமா? மகள் இருந்தால் மகள் வழியாக. அவள் இல்லாதபோது எனக்குப் பூனை இருந்தது. "ஏய் பூன, குசினி ஓடு விலகி மழ என்ட தலையில ஒழுகுது, உனக்கென்ன, நீ அடுப்படிக்குள்ள படுத்திரிக்காய்" என்று மருமகன் கிணற்றடியில் முகம் கழுவும்போது சொல்வேன். அன்றைக்கே ஓடு சரியாகிவிடும். அவரும் லேசுப்பட்டவரல்ல. வாழைமரத்தைப் பார்த்து, "வாழமரம், மாமி வெச்ச புளியாணம் நல்லாரிந்திச்சி, உப்புத்தான் கடல்ல இருந்து நேரா வந்த மாதிரி இரிந்திச்சி" என்பார். நான் சீலைக்குள் வாயைப் பொத்திச் சிரிப்பேன். கலியாணமாகி இத்தனை வருசத்தில் நாங்கள் இருவரும் ஒரு சொல் நேரே பேசியதில்லை. என் வீட்டில் நான் ஆகக் கூடுதலாகக் கதைத்த ஆளும் அவர்தான்.

குதிரை வந்தபின் பூனைக்கும் வாழைமரத்துக்கும் வேலை போய்விட்டது. செவலை என்று பெயர் வைத்தோம். கொட்டில் என் அறைக்கு எதிரே. காலையில் தவிடு குழைத்து வைப்பது எப்படியோ என் தலையில் விழுந்தது. முதலில் பயம். பிறகு அதன் கண்ணைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போன பிள்ளைபோலப் பார்க்கும். தவிட்டுச் சட்டியோடு போகும்போதெல்லாம் ஏதாவது கதைத்துக்கொண்டே போவேன். என் குரல் கேட்டால் காதைத் திருப்பும். என் சொந்தப் பிள்ளைகள்கூட எனக்கு அப்படிக் காது கொடுத்ததில்லை.

கடற்கரையில் சவாரிக்கு வருகிற இளந்தாரிமாருக்குக் குதிரை என்றால் மோட்டார் சைக்கிள் மாதிரி. நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு கையாலும் இழு, திருப்ப வேண்டுமென்றாலும் இழு, படம் பிடிக்கும்போது சும்மாவும் ஒரு இழு. கொஞ்ச நாளில் செவலை தவிட்டுச் சட்டியில் வாய் வைக்கத் தயங்கியது. ஒரு காலையில் பார்த்தால் தவிட்டில் சிவப்பாக ஒரு கோடு. கடைவாயில் இரண்டு பக்கமும் கடிவாள இரும்பு உரசித் தோல் கிழிந்திருந்தது.

எனக்கு அந்த நோவு தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்குக் கம்பி வைத்த கட்டுப்பல் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பல்லின் அடிச்சதையை, முரசை, வெட்டும். அதனால் அது எப்போதும் ஒரு போத்தலுக்குள் தண்ணீரில் கிடக்கும், நான் பொக்கை வாயோடு சந்தோசமாகத் திரிவேன். வாய்க்குள் இரும்பு உரசினால் சோறு இறங்காது, தூக்கம் வராது, யாரைக் கண்டாலும் எரிச்சல் வரும். மருமகன் கொட்டிலுக்கு வரும் நேரம் பார்த்துச் சத்தமாகத் தொடங்கினேன்.

"செவல, உன்ட வாய்க்குள்ள இரும்பப் போட்டவர்ர வாய்க்குள்ள ஒரு நாளைக்கு ஒரு கரண்டியக் குறுக்கால வெச்சிக் கட்டி, ரெண்டு பக்கமும் இழுத்துப் பாக்கணும் புள்ள. அப்பதான் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. குதிரையின் உதட்டை மெல்ல விலக்கிக் காட்டினார், எனக்குத் தெரிய வேண்டுமென்று ஜன்னல் பக்கம் திருப்பி.

"செவல, மாமிக்கிட்டச் சொல்லு. முன்பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல வெறும் முரசு இரிக்கி. இரும்பு அதுலதான் கிடக்கும். இரும்பு வெட்டுறதில்ல, புடிக்கிற கைதான் வெட்டுற. நல்ல கையிலண்டா அது சும்மா ஒரு தட்டு, அவ்வளவுதான்."

"செவல, எனக்கும் நடுவுல பல்லில்லாத இடம் இரிக்கி. அதுக்காக ஆரும் கயிறு கட்டி ஏறுறதில்ல."

"செவல, கட்டிக் குடுத்த பல்லப் போத்தல்ல ஊறப் போட்டு வெச்சிக்கிட்டு இரிக்கிறவங்க, இரும்பப் பத்தி ஞாயம் கதைக்கப்படாதெண்டு சொல்லு."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் தவிட்டுச் சட்டி கையிலிருந்து விழுந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஊர்வலத்தில் சீனவெடி வெடிக்கும், சின்னப் பிள்ளைகள் காலுக்குள் ஓடும். வெருண்ட குதிரையை நிறுத்த வாயில் ஒரு பிடி வேண்டாமா? இரும்பில்லாத குதிரையில் யார் தன் மகனை ஏற்றுவார்? ஏற்றாவிட்டால் குதிரை எதற்கு? குதிரை இல்லாவிட்டால் அவர் இங்கே என்ன செய்வார்? நான் குதிரையின் வாயைப் பற்றிக் கதைக்கக் கதைக்க, என் மகள் புருசனோடு இருப்பதும் இல்லாமல் போவதும் அதற்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மாட்டு டொக்டர் வந்து பார்த்து, புண் ஆறும்வரைக்கும் இரும்பு போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சவாரி நின்றது. அடுத்த நாள் காலையில் நான் தவிடு வைக்கப் போனபோது செவலை சட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதன் நெற்றியில் தடவிக்கொண்டு சொன்னேன். "உனக்கு இஞ்ச சரிவராது புள்ள. வேலயும் இல்ல, சந்தோசமும் இல்ல. வந்த இடத்துக்கே போயிரு." மெய்யாகவே அதைக் குதிரைக்குத்தான் சொன்னேன். நான் செவலையிடம் சொன்னதில் செவலைக்கென்றே சொன்னது அது ஒன்றுதான். திரும்பிப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்கட்டோடு மருமகன் நிற்கிறார். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மகள் அழுதுகொண்டு என் அறைக்குள் வந்தாள்.

"உம்மா, அவர் திரும்பக் கத்தாருக்குப் போகப் போறாராம். ஏசன்சிக்காரனோட கதைச்சிட்டாராம். ஏத்துக்கிட்ட ஒரு கலியாணம் இரிக்கி, அது முடிஞ்சதும் குதிரைய வித்துட்டுப் போறாராம்."

"ஏன் புள்ள?"

"கேட்டா, வேலயில்லாதவன் வந்த இடத்துக்கே போறதுதான் மரியாதங்கிறார். நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"நான் குதிரைக்கிட்டத்தான் புள்ள சொன்ன!"

"நீங்க எப்பகா குதிரைக்கிட்டக் குதிரைக்குச் சொல்லியிரிக்கீங்க?" என்றாள்.

மகளை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். "உம்மா குதிரையத்தான் சொன்னாவாம்" என்று அவள் சொல்ல, "ஓம், ஓம்" என்று அவர் தலையாட்டினாராம், கடன்காரனுக்கு நாளைக்குத் தாறேன் என்று சொல்லும்போது ஆட்டுகிற தலைமாதிரி. பிறகு நானே கொட்டிலடியில் நின்று, "செவல, நான் அண்டைக்கு உன்னத்தான் சொன்னன்" என்று கத்தினேன். குதிரையிடம் சொன்னது குதிரைக்குத்தான் என்று குதிரையிடமே சொன்னால் உலகத்தில் யார் நம்புவார்? அவர் கேட்டுக்கொண்டு, கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். பதிலுக்குச் செவலையிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு விழுந்த அடி. கோபித்திருந்தால் வாழைமரத்திடமாவது சொல்லியிருப்பார்.

அந்தக் கயிறு வேறு கதை. ஏற்றுக்கொண்ட கலியாணத்தைக் கைவிட மனமில்லை, புண்ணுக்கு மேல் இரும்பைப் போடவும் மனமில்லை. கத்தாரில் ஒரு வயசான அறபி இரும்பே இல்லாமல், மூக்குக்கு மேலே கட்டிய கயிற்றோடு மட்டும் குதிரை ஏறுவாராம். அதைப் பார்த்தது நினைவில் இருந்ததால் தானும் ஒன்று செய்து பார்த்தார். மூக்கெலும்பில் உரசாமல் இருக்க ஏதாவது மெத்தென்று சுற்றவேண்டும் என்று மகளிடம் சொன்னதைக் கேட்டு, மருதமுனையில் நெய்த சாறன் ஒன்றை, மவுத்தாகிப்போன என் புருசன் இடுப்பில் உடுத்ததை, கிழித்துக் கொடுத்து அனுப்பினேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுற்றினாராம். மாமாவின் சாறன் என்று தெரிந்திருக்கும்.

காலை வேளைகளில் கடற்கரையில் பழக்கினார். நானும் மீன் வாங்குகிற சாட்டில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூரத்தில் நின்று பார்ப்பேன். முதல்நாள் செவலை ஒன்றுக்கும் அசையவில்லை. வாயில் ஒன்றும் இல்லையே என்று நேரே கடலுக்குள் இறங்கியது, மருமகனையும் முதுகில் வைத்துக்கொண்டு. கரைவலைக்காரர்கள் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"மச்சான், கத்தாருக்குக் குதிரையிலயா போறாய்?"

"அங்கால அந்தமான் இரிக்கி, பாத்துப் போ!"

அவர் இடுப்பளவு தண்ணீரில் இருந்துகொண்டு தானும் சிரித்தார். பிறகு நாளாக நாளாகப் பிடிபட்டது. பக்கத்தில் நின்று பார்த்த பெடியன்களுக்கு அவர் சொல்வது காற்றில் வரும். "இழுத்தா உடனே உடணும். அது ஓமெண்டு தலையக் குடுத்த உடனே கயித்தத் தளத்தணும். இழுத்துப் புடிச்சிக்கிட்டே இரிந்தா அதுக்கு நீ சொல்றது விளங்காது, பயம்தான் விளங்கும்." நான் அதைக் கேட்டுக்கொண்டே கூனி இறாலை நிறுத்து வாங்குவேன். வீடு திரும்பும்போது பை நிறையக் கூனி. மகள் கேட்பாள், இவ்வளவு கூனியை யார் தின்கிறது என்று.

கலியாண நாள் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா இரும்புக்கடை வைத்திருந்தவர். இரும்பில்லாத எதையும் நம்பாதவர். குதிரையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தம்பி, இதுட வாயில ஒண்டையும் காணல்லயே?"

"தேவல்ல காக்கா. நான் முன்னால புடிச்சிக்கிட்டு நடப்பன்" என்றார் மருமகன், அண்ணன் முறை வைத்து.

"என்ட மகன் ஒரே ஆம்புளப் புள்ள."

"என்ட குதிரயும் ஒண்டுதான் காக்கா. பயப்படாதீங்க."

நான் பெண்வீட்டு வாசலில் மற்றப் பொம்பிளைகளோடு நின்றேன். அன்றைக்குக் கட்டுப்பல்லும் போட்டிருந்தேன். குதிரையின் வாயிலிருந்து இரும்பைக் கழற்றிய மனிதருக்காக நானாவது என் வாயில் ஏற்றிக்கொள்ள வேண்டாமா? ஊர்வலம் வந்தது. வெள்ளைத் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, கீழே கயிற்றைப் பிடித்து என் மருமகன், செவலை காதை ஆட்டிக்கொண்டு ராணி மாதிரி. வாசலை நெருங்கும்போது யாரோ ஒரு விசரன் சீனவெடிக் கோர்வையைக் கொளுத்தித் தெருவில் எறிந்தான்.

செவலை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை பறந்தது. பிள்ளைகள் அலறினார்கள். மருமகன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க அது பின்னுக்குப் போய் மேலும் எழும்பியது. அவர் முகத்தைப் பார்த்தேன். கடற்கரையில் மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் பயத்தில் அவருக்கே மறந்துவிட்டது. பல்லோடு எனக்குக் கத்த வராது. கட்டுப்பல்லைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"மருமகன்! கயித்த உடுங்க! தளத்துங்க மருமகன்!"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கண் பார்த்தது அதுதான் முதல்தரம். "சரி மாமி" என்றார். கயிற்றைத் தளர்த்தினார். "செவல, நான் இரிக்கன் புள்ள, தவிடு தாறன் புள்ள" என்று நான் சொல்லிக்கொண்டே முன்னுக்குப் போனேன். காது என் பக்கம் திரும்பியது. முன்னங்கால் மண்ணில் இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் தோளில் முகத்தை வைத்து அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை மட்டும் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்த பிடியை விடவில்லை. இறக்குவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டியவன் குதிரையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான் என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபிறகுதான் பொம்பிளைகள் எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. ஊருக்கு நடுவில், பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, மருமகனைக் கூப்பிட்டு அதட்டிய மாமி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

இப்போதெல்லாம் அப்படி ஒன்றும் இல்லை. என் சின்ன மருமகன் முன்னால் வந்து இருந்து, "மாமி, கறிக்கு உப்புக் கூடிட்டு" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் அதில் என்ன ருசி இருக்கிறது? எங்கள் கொட்டிலில் இன்றைக்கு இரண்டு குதிரை. செவலை கிழவியாகிவிட்டது, இன்றைக்கும் மூக்குக் கயிறுதான். மற்றது முரடன், அதற்கு மருமகன் மெல்லிய இரும்பு ஒன்று போடுகிறார், ஆனால் கயிற்றை யார் கையிலும் கொடுப்பதில்லை, தானே பிடிக்கிறார். எது சரி என்று இப்போதும் வந்து கேட்கிறார்கள். குதிரையின் வாயைப் பார்க்க முதல் உன் கையைப் பார் என்று சொல்லி அனுப்புகிறார். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். மீதிப் பாதிக்கு இன்றைக்கும் செவலை வழியாகச் சண்டை பிடிக்கிறோம்.

ஆனால் அந்தக் கலியாணத்துக்கு அடுத்த நாள் விடியலை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுபஹு தொழுதுவிட்டுத் தவிடு குழைத்து வைத்தேன். அவர் வருகிற சத்தம் கேட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். செவலையிடம் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முந்தின நாள் இரவு அவர் மகளிடம் சொன்னது எனக்குத் தெரியும். "மாமிக்கு எனக்கெண்டு சொல்ல இரிந்தா எனக்கிட்டயே சொல்லுவா. அண்டைக்கு அவ குதிரைக்கிட்டத்தான் சொல்லியிரிக்கா, எனக்கு இப்பதான் விளங்கிச்சி" என்றாராம். அதற்குமேல் என்ன முடிவு என்று மகளுக்கும் தெரியாது.

அவர் செவலையின் மூக்கைத் தடவினார். ஆறிவருகிற புண்ணை விலக்கிப் பார்த்தார். அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குசினிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"மாமி" என்றார். "நான் போகல்ல. இஞ்சதான் இரிக்கப் போறன்."

ஊரையே வாயால் ஓட்டி வைத்தவள் நான். அன்றைக்கு முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, கதவிடுக்கால் கொட்டில் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

"செவல, அவர்ட்டச் சொல்லு புள்ள, தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன், ஆற முதல் குடிச்சிட்டுப் போகட்டாம்."